செருமல் மேஸ்திரி

இருமல் வேறு, செருமல் வேறு. சந்தேகம் உள்ளவர்கள் மேஸ்திரியைக் கேட்கலாம். உட்கார வைத்து விளக்குவார். இருமல் நோயாளிக்கு வருவது. செருமல் பொறுப்பில் இருப்பவர் வரவழைப்பது. நாலு பேருக்கு மேலே நிற்கும் மனிதன் ஓர் இடத்துக்குள் நுழையும்போது தொண்டையைச் செருமிக்கொள்வது மரியாதை. அதைப் போய் வியாதி என்று சொல்கிறவன் மரியாதை தெரியாதவன்.

இந்தக் கணக்குப்படி அவர் எட்டு வருஷமாக மரியாதையாக இருந்தார்.

அந்த மரியாதை வரும் விதமே தனி. முதலில் சின்னதாக ஒன்று. பிறகு சேர்ந்தாற்போல மூன்று. அப்புறம் கைக்கு எட்டிய கதவையோ ஜன்னலையோ பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவார். கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைக்கும், கண்ணில் தண்ணீர் முட்டும், முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போகும். எல்லாம் ஓய்ந்த பிறகு, நெஞ்சுக்குள் எங்கோ ஒரு பூனைக்குட்டி மாட்டிக்கொண்டது போல மெல்லிய விசில் கேட்கும். அவர் நிமிர்ந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "தொண்டையில என்னமோ" என்பார்.

"எட்டு வருஷமா அதே என்னமோதானா, இல்ல அப்பப்போ புதுசா மாத்துறீங்களா?" என்று கேட்பாள் மனைவி. பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபது வருஷமாக டைப் அடிப்பவள். எழுத்து விட்டுப்போனாலும் கண்ணில் படும், ஆள் மழுப்பினாலும் கண்ணில் படும்.

வீட்டில் அந்த "என்னமோ"வைத் தேடும் வேலை பலமாக நடந்தது. முதலில் பிடிபட்டது ஃப்ரிட்ஜ். குளிர்ந்த தண்ணீர் ஒழிந்தது. வெயில் கொளுத்தும் நாளிலும் வீட்டில் எல்லோருக்கும் வெந்நீர்தான். செருமல் நிற்கவில்லை. அடுத்து மின்விசிறி. அதுவும் நின்றது, செருமல் நிற்கவில்லை. அப்புறம் வாழைப்பழம், தயிர், மனைவியின் முகப் பவுடர், பக்கத்து வீட்டுப் பூனை, சாயங்காலம் தலைக்குக் குளிப்பது என்று ஒவ்வொன்றாக நாடு கடத்தப்பட்டன. செருமல் மட்டும் குடியுரிமை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

விசாரணையே இல்லாமல் விடுதலையானது ஒன்றே ஒன்று: அவருடைய சட்டை. தினமும் ஆறு மணிக்கு வாசலில் நின்று அதைக் கழற்றி நாலு உதறு உதறுவார். ஒரு நாள் முழுக்கச் சேர்ந்த மரத்தூள் மேகமாக எழும்பும், சற்று யோசிக்கும், அவர் பின்னாலேயே வீட்டுக்குள் வந்துவிடும். மனைவி கேட்டால், "மரத்தூள் சுத்தமான பொருள். மரத்துல இருந்துதானே வருது?" என்பார்.

மருந்தும் இல்லாமல் இல்லை. அலமாரியில் சிவப்பு, பச்சை, பழுப்பு என்று சிரப் பாட்டில்கள் அணிவகுத்து நின்றன. மருந்துக்கடைக்காரர் இவர் தலையைத் தெருமுனையில் பார்த்ததுமே ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவார். சீட்டு கேட்டதில்லை. செருமலுக்கு எதற்கு டாக்டர்? பாட்டிலின் மேல் 'இருமல் மருந்து' என்று போட்டிருப்பதை அவர் அச்சுப்பிழையாக எடுத்துக்கொண்டார்.

மேஸ்திரி வேலை செய்த இடம் கதவு, ஜன்னல் செய்யும் பட்டறை. தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. நாலு மிஷின், பதினாறு ஆட்கள். ரம்ப மிஷின் ஒரு பக்கம், உப்புத்தாள் தேய்க்கும் மிஷின் ஒரு பக்கம், கடைசி மூலையில் பாலிஷ். சாயங்காலம் மூன்று மணிக்கு மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழும்போது, காற்றில் மிதக்கும் தூசி ஒரு பலகை மாதிரி நிற்கும். அளவெடுத்து அறுக்கலாம் போலிருக்கும். அந்தப் பலகைக்குள்தான் மேஸ்திரி இருபத்தாறு வருஷமாக நடந்துகொண்டிருந்தார்.

ஒரு கதவு முடிந்தால் அவர் வந்து பார்க்க வேண்டும். பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பதில்லை. சட்டங்கள் சேரும் இணைப்பின் மேல் குனிவார். உதட்டைக் குவிப்பார். "ஃபூ!" ஒரே ஊது. தூள் பறந்து, இணைப்பின் கோடு மட்டும் தெரியும். கோடு மயிரிழையாக இருந்தால் தலையை ஆட்டுவார், கதவு பாஸ். இதனால் பட்டறையில் ஒரு பேச்சு வழக்கே உண்டாகிவிட்டது. "வேலை முடிஞ்சுதா?" என்று யாரும் கேட்பதில்லை. "ஊதியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். ஊதிய கதவு பாலிஷுக்குப் போகும். ஊதாத கதவை லாரியில் ஏற்ற யாருக்கும் தைரியம் கிடையாது.

இப்படி ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது முறை முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்து ஊதினார். ஊதிய தூள் எங்கே போகும் என்று அவர் யோசித்ததில்லை. ஊதி முடித்ததும் ஒரு மூச்சு இழுப்பாரே, அதோடு சேர்ந்து பாதி உள்ளே போய்விடும்.

அவர் செருமலைப் பட்டறையில் யாரும் குறை சொன்னதில்லை. சொல்லப்போனால் அதன் ஆரோக்கியத்தில் எல்லோருக்கும் அக்கறை இருந்தது. கொட்டகையின் அந்தக் கோடியில் முதல் செருமல் கேட்டதுமே இந்தக் கோடியில் செல்போன்கள் பைக்குள் போகும், பிளைவுட் அடுக்கின் பின்னால் படுத்திருப்பவர் எழுந்து தூரிகையைக் கையில் எடுத்துக்கொள்வார். அந்தப் படுத்திருப்பவர் பெரும்பாலும் பாலிஷ்காரர். மேஸ்திரியின் வயதுதான், பட்டறையில் அவருக்கு அடுத்த பழைய ஆள். வாயில் சிகரெட் இல்லாத நேரத்தில் பேச்சு இருக்கும்.

"மேஸ்திரிக்கு மட்டும் அது நின்னுச்சுன்னா நம்ம பொழப்பு நாறிடும்பா" என்று மற்றவர்களிடம் சொல்வார். மேஸ்திரியிடம் நேரில், "உங்க செருமல்ல ஒரு கம்பீரம் இருக்கு மேஸ்திரி. மருந்து கிருந்து சாப்ட்டுக் கெடுத்துக்காதீங்க" என்பார். மேஸ்திரி அதையும் பாராட்டாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

பழைய முதலாளி ஓய்வெடுத்து, அவர் மகள் பொறுப்புக்கு வந்த பிறகுதான் சிக்கல். அந்த மேடம் முதல் நாள் கொட்டகைக்குள் நடந்து வந்து, மூன்று மணி வெயிலில் நின்ற தூசிப் பலகையைப் பார்த்தார். பிறகு, தன்னை வரவேற்க வந்த மேஸ்திரி கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்ததைப் பார்த்தார். ஒரு வாரத்தில் ஆளுக்கொரு படிவம் வந்தது. தூசியில் வேலை செய்கிற அத்தனை பேரும் மூச்சுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

படிவத்தில் நாலாவது கேள்வி: மூன்று வாரத்துக்கு மேல் இருமல் உண்டா? மேஸ்திரி யோசிக்காமல் 'இல்லை' என்று எழுதினார். எழுதும்போதே செருமல் வந்து, பேனா 'லை'யில் இருந்து புறப்பட்டு ஏழாவது கேள்வி வரைக்கும் ஒரு கோடு இழுத்தது.

மேடம் அந்தக் கோட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "மேஸ்திரி, இருமுறீங்களே?"

"இது செருமல் மேடம்."

"என்ன வித்தியாசம்?"

மேஸ்திரி விளக்கினார். மேடம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சரி. எதுவா இருந்தாலும் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. மூச்சு சரியில்லாதவங்களை இந்தத் தூசியில நான் வெச்சிருக்க முடியாது. கேட்ல ஆள் வேணும். வண்டி நம்பர் எழுதுற வேலை. சம்பளம் குறையாது."

சம்பளம் குறையாதாம்! மேஸ்திரிக்கு ரத்தம் கொதித்தது. கேட்டில் ஒரு ஸ்டூல், ஒரு நோட்டு, நூலில் கட்டிய ஒரு பேனா. போகிற கதவையும் வருகிற கதவையும் எண்ணலாம், தொடக் கூடாது. இருபத்தாறு வருஷம் இந்த வாய் ஊதாமல் ஒரு கதவு வெளியே போனதில்லை. இனிமேல் யார் ஊதுவார்? பாலிஷ்காரரா?

"டெஸ்ட்னா என்ன டெஸ்ட்?" என்று கேட்டார் பாலிஷ்காரரிடம்.

"ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொல்வாங்களாம்."

மேஸ்திரி சிரித்தார். சிரிப்பு செருமலாகி, செருமல் கதவைப் பிடிக்க வைத்து, எல்லாம் அடங்க ஒரு நிமிஷம் ஆனது. "ஊதுறதா? எனக்கா? இதெல்லாம் ஊதித் தள்ளிட்டு வந்துடுவேன்யா."

மூச்சுப் பரிசோதனை அறையில் ஒரு பெண் இருந்தாள். மகள் வயது இருக்கும். மேஸ்திரியை நிமிர்ந்து உட்காரச் சொல்லி, மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டி, அட்டைக் குழாயை வாயில் வைத்தாள். மனைவி அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா உள்ள இழுத்து, ஊதுங்க சார்."

மேஸ்திரி உதட்டைக் குவித்தார். "ஃபூ!"

என்ன ஊது! கூர்மையாக, கச்சிதமாக, ஆணி அடித்தது போல. இணைப்பில் ஒரு பொட்டுத் தூள் நிற்காது. அவர் பெருமையோடு அந்தப் பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் திரையைப் பார்த்து, "இது ஆகலை சார்" என்றாள்.

"ஆகலையா?"

"மெழுகுவத்தி அணைக்கிற மாதிரி ஊதக் கூடாது. வேகமா ஆரம்பிச்சு, நிறுத்தாம ஊதிக்கிட்டே இருக்கணும். உள்ள சுத்தமா ஒண்ணும் இல்லன்னு ஆகுற வரைக்கும். ஆறு செகண்டாவது வேணும்."

"ஃபூ!"

"இதுவும் ஆகலை."

"இந்தா பாரும்மா, ஊதுறது எப்படின்னு எனக்கு நீ சொல்லித் தரியா? நான் ஊதின கதவு ஊர் பூரா நிக்குது."

"கதவை நீங்க ஊதலாம் சார். இங்க உங்களைத்தான் ஊதணும்."

சுவரோரம் இருந்து ஒரு சிரிப்பு கேட்டது. மேஸ்திரி திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தாவது முறையும் ஃபூ. ஆறாவது முறை கோபத்தில் நிறுத்தாமல் ஊதினார். மூன்று செகண்டில் நெஞ்சு அடைத்தது, விசில் கிளம்பியது, மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அந்தப் பெண் முதுகைத் தட்டவில்லை, தண்ணீர் நீட்டவில்லை; திரையில் எதையோ குறித்துக்கொண்டாள். பிறகு கொஞ்சம் ஓய்வெடுக்க விட்டு விட்டு, மூன்று முறை சரியாக ஊத வைத்தாள். முகத்தில் ஒரு மூடியை மாட்டி மருந்துப் புகையைச் சுவாசிக்க விட்டு, கால் மணி நேரம் உட்கார வைத்து, மறுபடி ஊத வைத்தாள். இந்த முறை அவருக்கே ஆச்சரியம். நெஞ்சுக்குள் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டது போல இருந்தது. ஆனால் அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டரம்மா காகிதத்தை விரித்தார். சளியும் மார்பு எக்ஸ்ரேவும் ஏற்கெனவே எடுத்தாகியிருந்தது. "காசநோய் இல்ல. மூணு வாரம் தாண்டி இருமினா முதல்ல அதைத்தான் பார்க்கணும். நீங்க எட்டு வருஷம் கழிச்சுப் பார்த்திருக்கீங்க. அதிர்ஷ்டம்."

"எனக்கு இருமல் இல்லைங்க. செருமல்."

டாக்டரம்மா பல வருஷம் தொழில் பார்த்தவர். விவாதத்துக்குப் போகவில்லை. "சரி, செருமல். எட்டு வருஷமாச் செருமல். சிகரெட் உண்டா?"

"கிடையாது."

"பிரஷர் மாத்திரை? அதுல சிலது செரும வைக்கும்."

"கிடையாது."

"நெஞ்சு எரிச்சல், புளிச்ச ஏப்பம்? மூக்குல இருந்து தொண்டைக்கு ஒழுகுறது?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க."

"லீவு நாள்ல செருமல் குறையுமா?"

"லீவே எடுத்ததில்லைங்க" என்றார் மேஸ்திரி பெருமையாக.

"ஏன் எடுத்ததில்ல?" என்றாள் மனைவி. "போன வருஷம் என் தங்கச்சி வீட்ல பத்து நாள் இருந்தோமே. ஐஸ் தண்ணி குடிச்சீங்க. தலைக்கு மேல ஃபேன். சீப்பு சீப்பா வாழைப்பழம். ரெண்டு பூனை வேற மடியிலேயே கிடந்துச்சு. நாலாம் நாளுக்கு மேல ஒரு செருமல்? ஒண்ணே ஒண்ணு?"

"அங்க காத்து அப்படி."

"ஆமா. மரத்தூள் இல்லாத காத்து."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். எட்டு வருஷத்து விசாரணை முடிந்துவிட்டது. ஃப்ரிட்ஜ், மின்விசிறி, வாழைப்பழம், பவுடர், பூனை எல்லாம் நிரபராதிகள். குற்றவாளி தினமும் ஆறு மணிக்கு வாசலில் உதறப்பட்டுக்கொண்டிருந்தான்.

"ஆஸ்துமா" என்றார் டாக்டரம்மா. "மரத்தூளால வந்திருக்கு. உள்ள மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கிப் போச்சு. சிரப்பு குடிச்சா வீக்கம் வத்தாது. இந்த இன்ஹேலர் காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. நல்லா இருக்குற நாள்லயும் எடுக்கணும், எடுத்ததும் வாய் கொப்பளிக்கணும். நீல நிறத்துல இருக்குறது மூச்சு முட்டும்போது மட்டும். அதுவே அடிக்கடி தேவைப்பட்டா உடனே வரணும். தூசியை விட்டு நீங்க விலகுறதுதான் ரொம்ப நல்லது. விலக முடியலன்னா தூசியை விலக்கணும். மூணு மாசம் பார்ப்போம். அப்பவும் மூச்சு ஏறலன்னா பட்டறை வேண்டாம்னு நானே எழுதிக் கொடுத்துடுவேன்."

மூன்று மாசம். மேஸ்திரியின் கண் முன்னால் கேட் ஸ்டூல் வந்து நின்றது.

டாக்டரம்மா இன்ஹேலரோடு ஒரு பிளாஸ்டிக் குடுவையும் கொடுத்திருந்தார். இன்ஹேலரை அதன் ஒரு முனையில் செருகி, மறு முனையில் வாய் வைத்து நிதானமாக இழுக்க வேண்டும். மேஸ்திரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த வயசுல எனக்குப் பால்புட்டியா?" குடுவை அலமாரியில், சிரப் பாட்டில்களின் வரிசையில் போய் உட்கார்ந்தது. இன்ஹேலரை மட்டும் குளியலறைக்குள் எடுத்துப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு எடுத்தார். இரண்டு வாரம் ஆனது. செருமல் அப்படியே இருந்தது. மேஸ்திரிக்கு உள்ளூரக் கலக்கம், வெளியே வெற்றிப் புன்னகை.

"பாத்தியா? எட்டு வருஷத்துச் செருமலை இந்தத் தம்மாத்துண்டு டப்பா நிறுத்திடுமா?"

மறுநாள் காலையில் மனைவி, "வழுக்கி விழுந்தா யார் பாக்குறது?" என்று சொல்லிக் குளியலறைக் கதவைத் தாழிட விடவில்லை. இடுக்கில் நின்று பார்த்தாள்.

மேஸ்திரி இன்ஹேலரை உதட்டில் வைத்தார். கண்ணை மூடினார். அமுக்கினார். "ஃபூ!"

வெள்ளைப் புகை மீசையைத் தடவிக்கொண்டு கண்ணாடியில் போய் ஒட்டியது.

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆனது. "ஐயோ கடவுளே! இழுக்கணுங்க! ஊதக் கூடாது! ரெண்டு வாரமாக் கண்ணாடிக்கு ஆஸ்துமா மருந்து கொடுத்துட்டிருக்கீங்க!"

"இழுக்கணும்னு எங்க எழுதியிருக்கு?"

"இங்க!" டப்பாவோடு வந்த காகிதத்தை அவள் அவர் மூக்குக்கு நேராக விரித்தாள். படத்தோடு எழுதியிருந்தது. "முதல்ல மூச்சை வெளிய விடணும். அப்புறம் வாயை வெச்சு, அமுக்கி, மெதுவா உள்ள இழுக்கணும். பத்து எண்ணுற வரைக்கும் அடக்கணும். உங்க வாய்க்கு ஊதுறதைத் தவிர வேற எதுவும் தெரியாது. அதனால பால்புட்டிதான். எடுங்க."

அன்றிலிருந்து காலையும் மாலையும் அவள் எதிரில், பால்புட்டியில், எண்ணிக்கை சத்தமாகச் சொல்லப்பட. பதினோரு நாள் கழித்து ஒரு காலை, மேஸ்திரி மாடிப்படி ஏறி வந்து வழக்கமாகக் கைப்பிடியைப் பிடிக்கும் இடத்தில் கையை வைத்தார். வைத்த பிறகுதான் பிடிக்க எந்தக் காரணமும் இல்லை என்று தெரிந்தது.

பட்டறையில் இதற்குள் ரம்பத்துக்கும் தேய்க்கும் மிஷினுக்கும் தூசி உறிஞ்சும் குழாய் வந்துவிட்டது. காற்றடித்துத் தூள் பறக்க விடுவது நின்றது. தரையை ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். முகத்தோடு ஒட்டி நிற்கும் மாஸ்க். பட்டறைச் சட்டை பட்டறையிலேயே. இதெல்லாம் மேஸ்திரி பொறுத்துக்கொண்டார். கடைசியாக ஓர் உத்தரவு வந்தது: யாரும் வாயால் ஊதக் கூடாது.

மேஸ்திரி மேடத்தின் மேசைக்குப் போனார். "ஊதாம கோடு எப்படி மேடம் தெரியும்?"

"குழாயால உறிஞ்சிப் பாருங்க."

"உறிஞ்சினா ஊதுன மாதிரி வராது மேடம். வாங்க, காட்டுறேன்."

அதிகாரியைத் திருத்தும் ஆசை அவரைக் கெடுத்தது. முந்தின வாரம் தானே ஊதி பாஸ் செய்த கதவு ஒன்று பாலிஷுக்காகச் சாய்த்து வைத்திருந்தது. எல்லோர் முன்னாலும் அதைத் தேர்ந்தெடுத்தார். உறிஞ்சும் குழாயின் வாயை இணைப்பின் மேல் வைத்தார். மயிரிழையாக இருந்த கோட்டில் இருந்து தூள் மெல்லக் கிளம்பிக் குழாய்க்குள் போனது. போய்க்கொண்டே இருந்தது. குழாயை எடுத்தபோது இணைப்பில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு சந்து வாய் பிளந்து அவரைப் பார்த்தது.

ரம்பம் நின்றது.

இன்னொரு கதவு. இன்னொரு சந்து. இருபத்தாறு வருஷமாக அவர் ஊதியபோது மேலே கிடந்த தூள் மட்டும்தான் பறந்திருக்கிறது. மீதியை அந்த ஊதலே இடுக்குக்குள் இறுக்கி அடைத்து, கோட்டை மயிரிழையாக்கிக் காட்டியிருக்கிறது.

மேஸ்திரி மெதுவாகப் பாலிஷ்காரரைப் பார்த்தார். பாலிஷ்காரர் கையில் ஒரு மெழுகு டப்பா. அவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"உனக்குத் தெரியுமா?"

"என்ன மேஸ்திரி?"

"சந்து."

"பாலிஷ் ஈரம் பட்டா தூள் உதிர்ந்துடும் மேஸ்திரி. உதிர்ந்தா சந்து தெரியும். தூளோட மெழுகைக் கலந்து அடைச்சு விட்டுடுவேன். மாசத்துக்கு அஞ்சு டப்பா எங்க போகுதுன்னு நெனச்சீங்க? நான் தின்னுறேன்னா?"

"ஏன்யா சொல்லல?"

பாலிஷ்காரர் டப்பாவை முன்னால் கொண்டுவந்து மூடியைத் திருகினார். "சொன்னா அப்புறம் தினம் எங்க மூலைக்கு வந்து நிப்பீங்க. நீங்க தூரத்துல நின்னு செருமுறதுதான் எல்லாருக்கும் சௌகரியம்."

மேஸ்திரிக்கு அன்று செருமவும் வரவில்லை. மறுநாளில் இருந்து அவர் ஊதவில்லை. உறிஞ்சினார், ஈரத்துணியால் துடைத்தார், நகத்தை வைத்துத் தடவினார். முதல் வாரத்தில் ஒன்பது கதவுகளைத் திருப்பி அனுப்பினார். ஆட்கள் முனகினார்கள். அதைவிடப் பெரிய கொடுமை இரண்டாவது மாசத்தில் வந்தது: செருமல் தேய்ந்து, விட்டுவிட்டு ஒன்று என்று ஆகி, ஒரு நாள் சத்தமே இல்லாமல் போனது.

மணி அடிக்காத பள்ளிக்கூடம் போல ஆகிவிட்டது பட்டறை. யார் முதுகுக்குப் பின்னால் எப்போது நிற்பார் என்று யாருக்கும் தெரியவில்லை. செல்போனில் படம் பார்த்தவரின் தோளுக்கு மேல் ஒரு முகம் சேர்ந்து படம் பார்த்தது. பிளைவுட் அடுக்கின் பின்னால் பாலிஷ்காரர் கண் விழித்தபோது, மேஸ்திரி பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நல்ல தூக்கமா?"

"மேஸ்திரி, மனுஷன் பயந்தே செத்துருவான். ஒரு செருமலாவது போட்டுட்டு வரக் கூடாதா? மரியாதைன்னு சொன்னீங்களே!"

"மரியாதையெல்லாம் வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன். எந்திரி."

மூன்று மாசம் முடிந்தது. அதே அறை, அதே பெண், மூக்கில் அதே கிளிப். மேஸ்திரி நிறைய இழுத்தார். நிறுத்தாமல் ஊதினார். மூன்று, நாலு, ஐந்து. சுவரோரம் மனைவியின் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. ஆறு. காலியான பை போல உட்கார்ந்திருந்தார். குனியவில்லை, எதையும் பிடிக்கவில்லை.

"இப்போ ஆச்சு சார்" என்றாள் அந்தப் பெண்.

எட்டு வருஷம் கெட்டது மூன்று மாசத்தில் முழுசாகத் திரும்பாது என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். இன்ஹேலரை நிறுத்தவே கூடாது. மாஸ்க் இல்லாமல் மிஷின் பக்கம் போகக் கூடாது. ஆறு மாசத்துக்கு ஒரு முறை ஊத வர வேண்டும். மூச்சு இறங்கினால் அன்றைக்கே கேட். அதுவரைக்கும் பட்டறை. மேடம் காகிதத்தை வாங்கிப் படித்தார். "வாங்கினவங்ககிட்ட இருந்து கதவு திரும்பி வர்றதும் நின்னுருக்கு. நீங்களே பார்த்துக்கோங்க மேஸ்திரி" என்றார். கேட் ஸ்டூல் வேறு யாருக்கோ காத்திருக்கப் போனது.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவி மின்விசிறியைப் போட்டாள். ஃப்ரிட்ஜில் இருந்து ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து, அவர் எதிரில் உட்கார்ந்து, அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு மிடறாக, எட்டு வருஷத்துக்கும் சேர்த்துக் குடித்தாள். மேஸ்திரி ஒரு வார்த்தை பேசவில்லை. அதை மன்னிப்பு கேட்டதாக அவள் எழுதிக்கொண்டாள்.

அடுத்த வருஷத்துப் படிவங்கள் வந்தபோது அவற்றைச் சரிபார்த்து அனுப்பும் வேலை மேஸ்திரியிடம் வந்தது. பாலிஷ்காரரின் படிவத்தில் நாலாவது கேள்விக்கு 'இல்லை' என்று இருந்தது. மேஸ்திரி அதை அழுத்தி அடித்துவிட்டு 'உண்டு' என்று எழுதினார்.

"என்ன மேஸ்திரி அநியாயம்? எனக்கு எங்க இருமல்?"

"தினம் காலையில பட்டறைக்குள்ள நுழையும்போது கேட்குதே, அது என்ன?"

"அதுவா?" பாலிஷ்காரர் சிகரெட்டைக் காலால் நசுக்கினார். சிரிக்கப் போய் ஒன்று வந்தது. சேர்ந்தாற்போல மூன்று வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. "அது செருமல் மேஸ்திரி."

"இருமல்."

"நீங்க எட்டு வருஷம் இதையேதானே செருமல்னு சொன்னீங்க?"

"என்னோடது செருமல். நான் மேஸ்திரி." படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "போன வருஷம் மாதிரி டிமிக்கி கொடுக்காம, நாளைக்குப் போய் ஊதிட்டு வா. அங்க ஒரு பொண்ணு இருக்கும், சொல்ற மாதிரி ஊது. ஊதித் தள்ளிடுவேன்னு மட்டும் கிளம்பாத."